வகுப்பறைக்கு வந்த ஆழி

கடலுக்குத் தமிழில் பெயர்கள் பல உள. பரந்து கிடத்தலின் அது பரவை. ஆழ்ந்து கிடத்தலின் அது ஆழி. இவ்விரண்டனுள் பரவையைக் கரையில் நிற்கும் எவரும் காணலாம். ஆழியைக் கண்டவரோ மிகச் சிலர். மன்னார் வளைகுடாவில் முத்துக்கும் சங்குக்கும் மூச்சடக்கி மூழ்கிய நம் குளியாட்கள் சென்று மீண்ட ஆழம் பெரும்பாலும் பத்துப் பாகத்தைச் சுற்றியே அமைந்தது. இன்றைய கணக்கில் அது 18 மீட்டர். உலகக் கடல்களின் சராசரி ஆழமோ ஏறத்தாழ 3,700 மீட்டர். கதிரவன் ஒளி 200 மீட்டருக்குக் கீழே மங்கி, 1,000 மீட்டருக்குக் கீழே அடியோடு அற்றுவிடுகிறது. பத்து மீட்டர் இறங்குந்தோறும் நீரின் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. இருளும் குளிரும் அழுத்தமும் காவல் காக்கும் அவ்விடத்திற்குப் பள்ளிச் சிறார் தம் வகுப்பறையில் இருந்தவாறே சென்று வந்த வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

1912ஆம் ஆண்டு வட அட்லாண்டிக் கடலில் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் உடலை, 1985ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், அமெரிக்க, பிரெஞ்சு ஆய்வாளர்கள் கூடி ஏறத்தாழ 3,800 மீட்டர் ஆழத்தில் கண்டறிந்தனர். அமெரிக்கக் குழுவின் தலைவர், வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தைச் சார்ந்த ராபர்ட் பல்லார்டு. கரை திரும்பிய அவருக்குப் பள்ளிச் சிறாரிடமிருந்து ஆயிரக்கணக்கில் மடல்கள் வந்து குவிந்தன. பாராட்டுவது மட்டும் அவற்றின் நோக்கமன்று. 'அடுத்த பயணத்தில் எம்மையும் அழைத்துச் செல்ல இயலுமா?' என்பதே அவற்றில் மீண்டும் மீண்டும் எழுந்த வினா.

பெரியவர்கள் இத்தகைய மடலுக்கு ஒரு புகைப்படத்தில் கையொப்பமிட்டு அனுப்பிவிட்டு மறப்பதே உலகியல். பல்லார்டு மறக்கவில்லை. ஆழ்கடலுக்கு மாந்தரைச் சுமந்து செல்லும் 'ஆல்வின்' என்னும் மூழ்குகலத்தில் இடம் மூவருக்கே. கீழே சென்றடைய ஒன்றரை மணி நேரம், மேலே வர அவ்வளவு நேரம். இடையே கிடைக்கும் சில மணி நேரமே ஆய்வுக்குரியது. அதில் ஆயிரம் சிறாரை ஏற்றுவது எங்ஙனம்? சிறாரைக் கடலுக்குக் கொண்டு செல்ல இயலாதெனின் கடலைச் சிறாரிடம் கொண்டு வரலாம் என்று அவர் எண்ணினார். அவ்வெண்ணமே 1989ஆம் ஆண்டில் 'ஜேசன் திட்டம்' என்று உருப்பெற்றது. கிரேக்கப் பழங்கதையில் ஆர்கோ என்னும் மரக்கலம் ஏறிப் பொன்மயிர்த் தோல் தேடிப்போன வீரன் பெயர் ஜேசன். டைட்டானிக்கைக் கண்ட இழுவைக் கருவிக்கு ஆர்கோ என்றும், அதன்பின் உருவாக்கிய ஆழ்கடல் எந்திரனுக்கு ஜேசன் என்றும் பெயரிட்டவர்கள், மாணவர் திட்டத்திற்கும் அவ்வீரன் பெயரையே சூட்டினர்.

இது இயன்றவாற்றைச் சற்று விரித்துரைத்தல் தகும். முத்துக்குளிப்போர் இடுப்பில் கயிறு கட்டி இறங்குவர். படகில் இருப்பவர் அக்கயிற்றைப் பிடித்திருப்பார். கீழிருந்து ஒரு சுண்டு சுண்டினால் மேலே இழுப்பார். உயிர் அக்கயிற்றில் இருத்தலின், கயிறு பிடிப்பவர் உடன்பிறந்தாளின் நலம் கருதும் மைத்துனராய் இருத்தல் வேண்டும் என்பது கடற்கரை ஊர்களில் வழங்கும் செவிவழிச் செய்தி. ஜேசன் எந்திரனுக்கும் உயிர் கயிற்றில்தான் உள்ளது. கப்பலிலிருந்து இறங்கும் எஃகுக் கவசமிட்ட வடத்தின் நடுவே மயிரிழை போன்ற கண்ணாடி இழைகள் ஓடுகின்றன. மேலிருந்து மின்னாற்றலும் கட்டளையும் கீழே செல்ல, கீழிருந்து படக்கருவிகள் காணும் காட்சி ஒளித்துடிப்புகளாக மேலே வருகிறது. கப்பலின் தளத்தில் உள்ள உணர்கொம்பு அதனை ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளுக்கு அனுப்ப, அது தரைநிலையத்தில் இறங்கி, அருங்காட்சியக அரங்குகளின் பெருந்திரைகளில் விரிகிறது. கடலடியில் எந்திரன் கையை நீட்டிய சில நொடிகளுக்குள் பன்னாட்டுச் சிறார் அதனைக் காண்கின்றனர். வீட்டுக்கு வீடு இணையம் வந்திராத காலத்தில் இஃது எளிய செயலன்று.

முதற்பயணம் 1989ஆம் ஆண்டு மே மாதம் மத்தியதரைக் கடலில் நிகழ்ந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள அருங்காட்சியகங்களில் கூடி, இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர் அதனைக் கண்டனர். இத்தாலிக்கு அருகே திர்ரேனியக் கடலில் மூழ்கிக் கிடக்கும் மார்சிலி என்னும் எரிமலையை முதலில் பார்த்தனர். பின்னர்ப் பண்டைக் கார்த்தேஜ் நகருக்கும் உரோமைக்கும் இடைப்பட்ட கடல்வழியில், ஏறத்தாழ 800 மீட்டர் ஆழத்தில் கிடந்த நான்காம் நூற்றாண்டு வணிகக் கலம் ஒன்றின் எச்சங்களைக் கண்டனர். அதற்கு 'ஐசிஸ்' என்று ஆய்வாளர் பெயரிட்டிருந்தனர். தொல்லியல் அறிஞர் அன்னா மெக்கான் வழிகாட்ட, எந்திரன் தன் இரும்புக் கையால் சுடுமண் சாடிகளை ஒவ்வொன்றாக எடுத்தது. ஒரு விளக்கும் திருகைக்கல்லும் கிடைத்தன. கலத்தில் சென்ற யாரோ மாவரைத்த கல் அது! பதினாறு நூற்றாண்டுகள் மனிதப் பார்வை படாதிருந்த பொருளொன்று மண்ணிலிருந்து எழும் கணத்தை, அதனைத் தோண்டும் அறிஞர் காணும் அதே கணத்தில் பன்னிரண்டு அகவைச் சிறுமி ஒருத்தியும் காண்கிறாள். அறிஞருக்கு முன்னதாகத் தெரிந்தது ஏதும் இல்லை. சிறுமிக்குப் பின்னதாகத் தெரிவதும் ஏதும் இல்லை. இத்திட்டத்தின் உயிர்நிலை இதுவே என்பது நம் கருத்து.

பின்வந்த ஆண்டுகளில் ஒண்டாரியோ ஏரி, கலபாகோஸ் தீவுகள், கலிபோர்னியா வளைகுடா எனப் பயணங்கள் தொடர்ந்தன. சில அரங்குகளில் தேர்ந்தெடுத்த மாணவர் தாமே விசைக்கோலைப் பிடித்துத் தொலைவிலிருந்த எந்திரனை இயக்கவும் செய்தனர். இவ்விடத்தில் ஒன்றைக் கூறல் வேண்டும். திரையைக் கண்டவர் அனைவரும் அன்றைக்கு வந்து வியந்து சென்றவர் அல்லர். ஆசிரியர்க்குப் பல மாதங்களுக்கு முன்பே பாடக் குறிப்புகள் சென்றன. அவர்களுக்குப் பயிற்சியும் தரப்பட்டது. அழுத்தம் யாது, எரிமலை யாது என்று வகுப்பறையில் செய்து பார்த்த பின்னரே சிறார் அரங்கிற்கு வந்தனர். இம்முன்பணி இல்லாத இடத்தில் அது வெறும் படக்காட்சியாகவே முடிந்திருக்கும். செலவு மிகுதி, அருங்காட்சியகத்துக்கு அண்மையில் உள்ள பள்ளிகளுக்கே வாய்ப்பு என்னும் குறைகளும் தொடக்கத்தில் இருந்தன.

ஆழ்கடலை மாணவர்க்குக் காட்டுதலில் தனிப்பொருத்தம் ஒன்று உண்டு. அறிவியலின் பிற துறைகளில் பள்ளி மாணவன் கற்பவை பெரும்பாலும் நூறு, இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே முடிந்த முடிபுகள். ஆழ்கடலில் அங்ஙனமன்று, அங்கே பெருமக்களும் மாணாக்கரே. 1977ஆம் ஆண்டு பிப்ரவரியில் கலபாகோஸ் தீவுகளுக்கு அருகே 2,500 மீட்டர் ஆழத்தில் ஆல்வின் இறங்கியபோது, கடலடிப் பிளவுகளில் வெந்நீர் ஊற்று உண்டா என்று தேடிய நிலவியலாரே சென்றனர். கப்பலில் உயிரியல் அறிஞர் ஒருவரேனும் இலர். பாலைவனம் போல் வெறுமையாய் இருக்கும் என்று கருதிய இடத்தில் சிப்பிகளும் நண்டுகளும் செறிந்து கிடந்தன. ஆள் உயரம் வளரும் குழாய்ப்புழுக்களும் அப்பகுதியிலேயே காணப்பட்டன. பிடித்த உயிர்களைக் கெடாது வைக்கப் போதிய மருந்துநீர் கூடக் கப்பலில் இல்லை!

அக்குழாய்ப்புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. பின் எதை உண்டு வாழ்கிறது? ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இதுபற்றி ஸ்மித்சோனியன் நிறுவன அறிஞர் மெரிடித் ஜோன்ஸ் சொற்பொழிவாற்றிக்கொண்டிருந்தார். புழுவின் உடலுக்குள் கந்தகப் படிகங்கள் தென்பட்டதாக அவர் கூறியவுடன், ஆய்வுப் படிப்பில் அவ்வாண்டுதான் சேர்ந்திருந்த கொலீன் கவனா என்னும் மாணவி எழுந்து நின்றார். கந்தகத்தை எரிபொருளாகக் கொண்டு உணவாக்கும் நுண்ணுயிர்கள் அப்புழுவினுள் குடியிருத்தல் வேண்டும் என்றார். ஆய்ந்து பார்த்தபோது மாணவி கூறியதே உண்மையாயிற்று. 1981இல் அது கட்டுரையாக வெளிவந்தது. கதிரவன் ஒளியின்றி, ஊற்றுநீரில் வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்னும் நச்சு வளியைக் கொண்டே ஓர் உயிருலகம் இயங்க வல்லது என்னும் செய்தி, உயிரியல் பாடநூல்களைத் திருத்தி எழுதச் செய்தது. சொற்பொழிவின் நடுவே எழுந்த அம்மாணவியை யாரேனும் கையமர்த்தி உட்கார வைத்திருந்தால்? அவ்வெண்ணம் நமக்கு அடிக்கடி எழுவதுண்டு.

காரணம் உளது. நாம் பள்ளியில் பயின்ற காலத்தில் புவியியல் வகுப்பில் உடன்பயின்றவன் ஒருவன் எழுந்து, 'ஐயா, கடலுக்கு அடியில் என்ன இருக்கிறது?' என்று வினவினான். மீன்பிடி வலைகளுக்கு நடுவே வளர்ந்தவன் அவன். ஆசிரியர் சற்றே தயங்கினார். பின்னர், 'மண் இருக்கிறது, உட்கார்' என்றார். வகுப்பு சிரித்தது. அவன் அதன்பின் அவ்வாண்டு முழுதும் எதையும் வினவியதாக நமக்கு நினைவில்லை. அவ்வாசிரியர் நல்லவர், பின்னாளில் நாமும் கரும்பலகை முன் நின்றபோது அவருடைய தயக்கத்தின் பொருள் விளங்கிற்று. 'தெரியவில்லை' என்னும் ஒரு சொல் ஆசிரியர் வாயில் வருவது எத்துணை அரிது என்பதை நாம் நம்மிடமே கண்டிருக்கிறோம்.

இனி நம் கடலுக்கு வருவோம். இந்தியப் பெருங்கடலின் நடுவே, மொரீஷியசுக்குத் தென்கிழக்கில், மூன்று கடலடி மலைத்தொடர்கள் ஒன்று கூடும் இடம் ஒன்றுண்டு. அதன் அருகே 2000ஆம் ஆண்டில் ஜப்பானியர் ஏறத்தாழ 2,400 மீட்டர் ஆழத்தில் ஒரு வெந்நீர் ஊற்றுக் களத்தைக் கண்டு, தம் கப்பலின் பெயரால் 'கைரெய்' என்றனர். 2001ஆம் ஆண்டு ஏப்ரலில் 'நார்' என்னும் அமெரிக்க ஆய்வுக் கப்பல், ஜேசன் எந்திரனுடன் அங்குச் சென்றது. உயிரியல் ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர் சிண்டி லீ வான் டோவர். ஆல்வினைச் செலுத்தும் உரிமம் பெற்ற முதற் பெண்மணி இவரே. அக்கப்பலிலிருந்து நாள்தோறும் செய்தியும் படமும் இணையம் வழிப் பள்ளிகளை அடைந்தன. மாணவர் மின்னஞ்சலில் வினா விடுக்க, கப்பலில் இருந்தோர் விடையளித்தனர்.

அப்பயணத்தின் வினா சிறுவர்க்கும் விளங்கக் கூடியது. பசிபிக் கடலின் ஊற்றுகளில் குழாய்ப்புழு மிகுதி. அட்லாண்டிக் ஊற்றுகளில் இறால் கூட்டம் மிகுதி. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட இந்தியப் பெருங்கடலில் யார் குடியிருப்பர்? விடையைக் கப்பலில் இருந்தோரும் அறியார். எந்திரன் இறங்கியது. புகைபோக்கி போன்ற கற்கூம்புகளின் மேல் இறால்கள் தேன்கூட்டில் ஈ மொய்த்தாற்போல் அப்பிக் கிடந்தன. அவை அட்லாண்டிக் இறாலின் நெருங்கிய உறவு. ஏனைய உயிர்கள் பலவும் மேற்குப் பசிபிக் உயிர்களின் உறவாய் அமைந்தன. இரு வீட்டாரும் கூடிய ஒரு மணவீடு போல இருந்தது எனலாம்!

இறால் பற்றி ஒரு கிளைச்செய்தி. அட்லாண்டிக் இறாலுக்குக் கண் இருக்க வேண்டிய இடத்தில் கண் இல்லை. ஆயினும் அதன் முதுகில் ஒளியை உணரும் உறுப்பு ஒன்று உண்டு என்பதை 1989இல் வெளிப்படுத்தியவர் இதே வான் டோவர். இருண்ட கடலில் ஒளி உணரும் உறுப்பு எதற்கு என்று தேடியபோது, 350 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பீறிடும் ஊற்றுகளே மிக மெல்லிய ஒளியை உமிழ்வது தெரிய வந்தது.

2001 பயணத்தில் கைரெய்க் களத்தில் இன்னொன்றும் கிட்டியது. காலில் செதிள் செதிளாய்க் கவசம் பூண்ட நத்தை அது. செதிள்களில் இருந்தது இரும்புச் சல்ஃபைடு. இரும்புக் கவசம் அணிந்த உயிர் வேறு அறியப்பட்டதில்லை. அன்று பள்ளியில் அமர்ந்து அப்பயணத்தைப் பின்தொடர்ந்த பிள்ளைகள் இன்று முப்பது அகவை கடந்தவராய் இருப்பர். அந்நத்தை 2019ஆம் ஆண்டில், அழியும் தறுவாயில் உள்ள உயிர்களின் பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அது வாழும் இடங்கள் சில, கடலடித் தாதுக்களைத் தேட உரிமம் வழங்கப்பட்ட எல்லைகளுக்குள் அமைந்தமையே காரணம். செம்பும் துத்தநாகமும் பொன்னும் அக்கற்கூம்புகளில் உள. நம் நாடும் 2016ஆம் ஆண்டு செப்டம்பரில் பன்னாட்டுக் கடலடி ஆணையத்துடன் ஒப்பந்தம் செய்து, இந்தியப் பெருங்கடலின் மலைத்தொடர்களில் 10,000 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் இத்தகைய தாதுக்களைத் தேடும் உரிமையைப் பெற்றுள்ளது. தோண்டலாமா, ஆகாதா என்னும் வழக்கில் நாளை கருத்துரைக்க வேண்டியவர் இன்று பள்ளியில் இருப்போரே. தாம் ஒருமுறையேனும் காணாத இடம் பற்றி அவர்கள் எதனைக் கொண்டு கருத்துரைப்பர்?

வடமின்றி இறங்கும் ஆல்வினுடன் பேசுவதற்கு வேறொரு வழி உண்டு. வானொலி அலை கடல்நீரில் ஊடுருவிச் செல்வதில்லை; ஒலியோ நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் விரைவில் செல்லும். 2000ஆம் ஆண்டு முதற் சில ஆண்டுகள் டெலவேர் பல்கலைக்கழகத்தின் கிரெய்க் கேரி தலைமையில் நிகழ்ந்த பயணங்களில், பள்ளியின் தொலைபேசியைச் செயற்கைக்கோள் வழியே கப்பலுக்கும், கப்பலிலிருந்து ஒலியலை வழியே கடலடிக்கும் இணைத்தனர். 2,500 மீட்டர் ஆழத்திற்கு ஒரு குரல் சென்று சேர ஒன்றரை நொடிக்கு மேலாகும். மறுமொழி வரவும் அவ்வளவே. வினவிய மாணவன் மூன்று நொடிக்கு மேல் வாய்மூடிக் காத்திருத்தல் வேண்டும். ஆழம் என்பது எண்ணாக இருந்தது போய், காத்திருக்கும் நேரமாகச் செவிக்குப் புலனாகும் இடம் அது. குகை போன்ற குரல் ஒன்று கீழிருந்து எழும்போது வகுப்பறை எங்ஙனம் அடங்கியிருக்கும் என்பதை ஆசிரியராய் இருப்போர் எண்ணிப் பார்க்கலாம்.

கரைக்கும் கடலடிக்கும் நேரலைத் தொடர்பு இப்போது எளிதாகிவிட்டது. பல்லார்டின் 'நாட்டிலஸ்' கப்பலும், அமெரிக்க அரசின் 'ஒக்கியானோஸ் எக்ஸ்புளோரர்' கப்பலும் எந்திரன் காணும் காட்சியை இணையத்தில் எவரும் பார்க்கத் தருகின்றன. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில் அலாஸ்காவுக்கு அப்பால், 3,000 மீட்டருக்கும் மிகுந்த ஆழத்தில், பாறையில் ஒட்டிக்கிடந்த பொன்னிற உருண்டை ஒன்று திரையில் தோன்றிற்று. கைப்பிடியளவு, அதன் பக்கத்தே ஒரு துளை. முட்டையா, கடற்பஞ்சா, வேறு ஏதேனும் ஒன்றா? பல்லாண்டு பயின்ற அறிஞர்கள் உலகம் கேட்கத் தமக்கு அது இன்னதென்று தெரியவில்லை என்றனர், நகைத்தனர், பின்னர் மெல்ல எடுத்து ஆய்வுக்கு வைத்தனர். நாம் மேலே கூறிய புவியியல் வகுப்பில் அன்று அச்சொல் ஒலித்திருந்தால், நம் தோழன் உட்கார்ந்திருக்க மாட்டான்.

இப்பயணங்களில் பள்ளிகள் பங்குகொள்ளும் எளிய வழி ஒன்றையும் குறிப்பிடுவோம். நாம் தெர்மோகோல் என்று வழங்கும் வெண்ணுரைப் பொருளாலான தேநீர்க் குவளைகளில் சிறார் தம் பெயரும் படமும் எழுதிக் கப்பலுக்கு அனுப்புவர். அவற்றை ஒரு வலைப்பையில் இட்டு எந்திரனுடன் ஆழத்திற்கு இறக்குவர். 2,500 மீட்டரில் ஒரு சதுர சென்டிமீட்டர் மீது ஏறத்தாழ 250 கிலோகிராம் அழுத்தம். குவளையினுள் நுரைத்திருந்த காற்றெல்லாம் பிதுங்கி, அது வடிவம் கெடாமல் குன்றித் தையற்காரர் விரற்பூண் அளவாகிவிடும். எழுத்துகளும் அதனுடன் சிறுத்திருக்கும். பக்கம் பக்கமாய் அழுத்தத்தைப் பற்றி எழுதுவதனினும் அச்சிறு குவளையை ஒரு பிள்ளையின் உள்ளங்கையில் வைப்பது மேல்.

சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 'மத்ஸ்யா 6000' என்னும் மூழ்குகலத்தை உருவாக்கி வருகிறது. மூவர் அமர்ந்து 6,000 மீட்டர் ஆழம் வரை செல்வதற்கென அமைந்தது அது. 2025ஆம் ஆண்டு ஜனவரி, பிப்ரவரித் திங்களில் காட்டுப்பள்ளித் துறைமுக நீரில் அதனை இறக்கிச் சோதித்தனர். கட்டுரை எழுதும் பொருட்டு நம் துறை மாணவரிடம், 'அக்கலம் ஆழத்தில் நிற்கும்போது உம் குரல் அங்கே எட்டுமாயின் என்ன கேட்பீர்?' என்று வினவினோம். முதலில் அமைதி. பின்னர் ஒருவர், அங்கே கல் விழுந்தால் ஓசை கேட்குமா என்றார். கண்ணில்லா இறால் தன் குஞ்சை எப்படி அறியும் என்றார் மற்றொருவர். கடைசி இருக்கையில் இருந்த மாணவி, மேலே வர மனமின்றி யாரேனும் அங்கே சற்றுக் கூடுதலாக இருந்ததுண்டா என்றார். மூன்றையும் எழுதி வைத்திருக்கிறோம்.